திருநீறு போட்டுத் துலக்கிய வெள்ளிக்காசு

பாரிசில் பழைய நாணயங்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. அதனால் சொந்தக்காரர் யாருக்குத் துருப்பிடித்த தகடு கிடைத்தாலும் போன் எனக்குத்தான் வரும். இங்கிலாந்தில் இருந்த அத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் வைத்திருக்கும் தெரிந்த கமக்காரனிடம் கேட்டுக்கொண்டு, மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷினோடு வயலில் அலைவார்.

"வீட்டிலை ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, வயலிலை ஆணி பொறுக்கிறார்" என்று அக்கா நக்கலடிப்பாள். மனுசன் சிரிப்பார். ஆனால் சுட்டிருக்கிறது. ஒருநாளாவது அவள் தன்னை மெச்சவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

2012 கோடையில் இருவரும் பாரிசில் லா சப்பல் பகுதியிலிருந்த என் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் பஞ்சுக்குள் சுற்றி ஒரு கறுத்த காசு கொண்டுவந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒரு பக்கம் முடி தரித்த முகம். மறுபக்கம் விளிம்புவரை நீண்ட சிலுவை, சுற்றிவர கன்டர்பரி நகரத்தின் பெயர். எழுநூறு வருடப் பழசு!

"அத்தான், வெள்ளி!" என்று கத்திவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கழுவிப்போடாதேங்கோ. அந்தக் கறுப்புக்குத்தான் விலை" என்று மெல்லச் சொன்னேன்.

"அவளுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. விலையைக் கேட்டிட்டுச் சொல்லுவம்."

நானும் அத்தானும் பக்கத்து ரூ காய் தெருவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், காசு சாமிப் படத்துக்கு முன்னால் பளபளவென்று இருக்கிறது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் திருநீறு போட்டுத் தேய்த்து, குங்குமமும் வைத்திருந்தாள் அக்கா.

"ஊத்தையாய் வைச்சிருக்கிறியளே! லட்சுமியெல்லோ உங்கடை கைக்கு வந்திருக்கிறா" என்று அதை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். ஐயோ என்று வாய் திறந்தேன். அத்தான் என் காலை மிதித்தார்.

கடைக்குக் கொண்டுபோனால், முதலாளி பார்த்த உடனேயே உதட்டைப் பிதுக்கினார். துலக்கிய காசு, பாதி விலைக்கும் போகாது என்றார். எனக்கு வந்த கோபம்! அத்தானோ திரும்பி வரும் வழியில், "விக்க மனம் வரேல்லை எண்டு அக்காட்டைச் சொல்லு" என்றார்.

அக்கா காலமாகி இப்போது சில வருடங்கள். போன மாதம் அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, மனுசன் திருநீற்றை எடுத்து அந்தக் காசைத் துலக்கிக்கொண்டிருந்தார். காசிலிருந்த அரசனுக்கு மூக்கே இல்லை.

"காணும் அத்தான், விடுங்கோ. முகம் தேயுது."

"தேயட்டும் தம்பி. நான் கொண்டுவந்ததிலை அவள் கண்ணிலை ஒத்தினது இது ஒண்டுதான்."