ஏட்டய்யாவின் அருவி வைத்தியம்

ஓய்வு பெற்ற ஏட்டு பாண்டிராஜுக்குச் சர்க்கரை வியாதி வந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. போய்விட்டதை மட்டும் தென்காசி முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குற்றாலத்தில் காஜாவின் நேந்திரஞ் சிப்ஸ் கடை பெஞ்சுதான் அவருக்கு மேடை. "அருவித் தண்ணி பிடரியில விழுந்தா சக்கரை தன்னால எறங்கிரும். மாத்திரைங்கது கம்பெனிக்காரன் பண்ணுத யாவாரம்" என்பார். காஜாவும் சர்க்கரைக்காரர். போலீஸ்காரர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிய அப்பாவி. மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு அருவியில் தலையைக் கொடுத்தார்.

ஏட்டய்யாவோ அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாத்திரையை விழுங்காமல் ஒருநாளும் இட்லியைத் தொட்டதில்லை. இது மனைவி மூக்கம்மாளுக்கு மட்டும் தெரியும்.

சாரல் காலத்தில் ஈர வேட்டியோடு அலைந்ததில் ஏட்டய்யாவுக்குத் தொடையில் படர்தாமரை வந்தது. காஜாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தோல் டாக்டர் எப்சிபாவிடம் போனார்.

"சுகர், பிரஷருக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களா?"

பக்கத்தில் காஜா நின்றார். ஏட்டய்யா மீசையைத் தடவினார். "சுகரா? அத அருவியில விட்டுட்டு வந்தாச்சும்மா."

அதை நம்பி டாக்டர் படைக்கு மாத்திரை எழுதினார். வீட்டில் இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து உள்ளே போயின.

சில நாளில், சிப்ஸ் கடையில் பிரசங்கம் உச்சத்தில் இருந்தபோது நாக்கு குழறியது. சாரலிலும் வியர்த்துக் கொட்டியது. "ஏலே காஜா, ஸ்டேஷனுக்கு நட!" என்று காஜாவின் சட்டையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி காலையிலேயே ஊத்திட்டாரு போல" என்று யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஏட்டய்யா சரிந்து விழுந்தார்.

காஜாதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சர்க்கரை பாதாளத்தில் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டியூட்டி டாக்டர் விசாரித்தார்.

"அல்லா மேல ஆணையா, இவரு சுகர் மாத்திரையத் தொடவே மாட்டாரு டாக்டர்!" என்றார் காஜா.

அப்போதுதான் வந்து சேர்ந்த மூக்கம்மாள் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து நீட்டினாள். "இது சக்கரைக்கு, தெனமும் திங்காரு. இது படைக்கு, இப்பக் குடுத்தது."

"இந்தப் படை மாத்திரை, சுகர் மாத்திரைய உடம்ப விட்டுப் போகவிடாது. அது உள்ளயே தங்கித் தங்கி, வேகம் கூடிப்போகும். எப்சிபா டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்க. சுகர் மறுபடியும் எறங்கிரும், நாளைக்கு வரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்" என்றார் டாக்டர்.

காஜா தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். பெருவிரல் புண் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்தது. சுகர் பார்க்கச் சொல்லி நர்ஸிடம் மெதுவாகக் கைவிரலை நீட்டினார். அவருடைய சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது.

தெளிந்ததும் ஏட்டய்யா கேட்ட முதல் கேள்வி, "காஜா, வெளிய யாருட்டயும் சொல்லலைலா?"

"நீரு திங்குத மாத்திரைய எனக்கு மட்டும் வெசம்னு சொன்னீரே, ஓய்!" என்றார் காஜா.

காஜாவின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஏட்டய்யா குற்றாலப் பக்கம் போவதில்லை. ஆலங்குளத்தில் மச்சினன் கடையில் உட்கார்ந்து, டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.