எழுபத்திரண்டாவது மாடியில் இறங்க வேண்டியவர்

எங்கள் அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், இதுவரை பதினாலாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறார். அத்தனையும் ஒரே கட்டடத்துக்குள். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியுமாக உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறோம், ஒரு தடவைக்கு எத்தனை அடி என்று ஒரு மழை நாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். "உலகத்துல மூணுல ஒரு பங்கு சுத்தியாச்சு மாப்பிள்ளை" என்பார். "நாப்பதடி உயரத்தைத் தாண்டாம சுத்தின ஒரே ஆளு நீங்கதான் அத்தான்" என்பேன் நான்.

அது பழைய காலத்து லிஃப்ட். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் அசையும். ஒரு மூலையில் லிஃப்டை ஓட்டும் கைப்பிடி, அதன் அருகே அவருடைய முக்காலி. ஸ்ட்ரெச்சர் வந்தால் இடம் போதாது, முக்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் விரற்கடை வித்தியாசம் இல்லாமல் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் தட்டி, தையல் போட்டவர்கள் முனகுவார்கள். அந்த வேலையில் அத்தானை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டே நிறுத்துவார்.

அப்பேர்ப்பட்டவரின் லிஃப்டில் என் அக்கா ஏறமாட்டாள். அவளுக்கு அதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில், நோயாளிகளின் பழைய ஃபைல்களை அடுக்கிவைக்கும் அறையில் வேலை. கல்யாணமான புதிதில் அத்தான் பெருமையாக அவளை ஏற்றிக்கொண்டு போனார். நடுவில் கரண்ட் போய்விட்டது. நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அத்தான் கைப்பிடி அருகிலேயே நின்றுகொண்டு, லிஃப்டின் கயிறு எவ்வளவு கனம் தாங்கும், பிரேக் எங்கே இருக்கிறது என்று உற்சாகமாகப் பாடம் நடத்தியிருக்கிறார். வெளியே வந்தவள் அன்றிலிருந்து படியேற ஆரம்பித்தாள். கக்கத்தில் ஃபைல், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. டாக்டர் முதல் துப்புரவுக்காரர் வரை கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள். அக்கா அசைந்துகொடுக்கவில்லை.

அத்தானுக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய நகரத்தில் எழுபத்திரண்டு மாடிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. கீழிருந்து உச்சிக்குப் போக நாற்பது விநாடி. அந்த லிஃப்டில் ஏற வேண்டும், உச்சியில் போய் நிற்க வேண்டும், நிற்கும்போது அக்காவும் கூட நிற்க வேண்டும். இருபது வருஷமாக இதே பேச்சு. முதல் பாதிக்குப் பணம் வேண்டும், சேர்த்துவிடலாம். இரண்டாவது பாதிக்கு என் அக்கா மனசு வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கோபுரமே குனிந்து கீழே வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

லீவு கேட்டு வாங்கும் பழக்கம் அத்தானுக்குக் கிடையாது. போன வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கே நாலு நாள் லீவு விட்டார்கள், கயிறு மாற்ற. அன்று சாயங்காலமே என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டார். "மாப்பிள்ளை, கடையைப் பூட்டு. மூணு பேரும் போறோம்." எனக்கு வியாபாரம் போகிறதே என்று எரிச்சல். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல யாரால் முடியும்?

அக்கா ஊரைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டாள், கோபுரத்தைக் கீழிருந்து பார்ப்பதாகவும். "அண்ணாந்து பாத்தா கழுத்துதான் வலிக்கும், உயிர் போகாது" என்றாள். ரயிலில் ஏழு மணி நேரம் அத்தான் ஜன்னலைப் பார்க்கவில்லை. புது லிஃப்டில் எத்தனை கயிறு இருக்கும், காது அடைக்குமா, நிற்கும்போது வயிறு தூக்குமா என்று என் காதைத்தான் அடைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோபுரத்தில் நின்றோம். அத்தான் மூன்று டிக்கெட் வாங்கினார்.

"எனக்கு எதுக்கு? தண்டம்" என்றாள் அக்கா.

"கையில இருக்கட்டும்மா. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

அக்கா டிக்கெட்டைக் கைப்பையில் போட்டு, அத்தானின் செல்ஃபோன், தொப்பி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, தரைத்தளத்து சோபாவில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள். அத்தான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள்.

லிஃப்ட் திறந்தது. சாம்பல் நிற கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி பட்டன்களின் அருகே நின்று எல்லாரையும் உள்ளே அழைத்தாள். இருபது பேர் ஏறினோம். அத்தான் நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டார். கதவின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "எத்தனை பேருக்கு மேல ஏறினா மணி அடிக்கும்?" என்று விசாரித்தார். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாற்பது விநாடி. கதவு திறந்ததும் எல்லாரும் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள், நானும் போனேன். சுற்றிலும் கண்ணாடிச் சுவர். கீழே நகரம் தரையோடு தரையாகக் கிடந்தது. "அத்தான், அங்க பாருங்க, ஆறு" என்று கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற வேற்று ஆள் ஒருவர் மரியாதையாகப் பார்த்தார். அத்தானைக் காணோம்.

தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். கழிப்பறையில் தேடினேன். குழந்தைகள் டெலஸ்கோப்புக்குச் சண்டை போடும் இடத்தில் தேடினேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடைசியில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, பதறாதே. அத்தானைக் காணோம்."

"இங்கதான் நிக்கிறார்" என்றாள் அக்கா.

"அங்க எப்படி?"

"ஏறினவர் இறங்கலை. அப்படியே வந்துட்டார்."

கீழே நடந்ததையெல்லாம் பிறகு அக்கா சொல்லித்தான் கேட்டேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். எந்த மாடியில் கதவு திறந்தாலும் மற்றவர்கள்தான் இறங்குவார்கள், அத்தான் ஓரமாக ஒதுங்கி வழி விடுவார். அன்றும் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார், "பாத்துப் போங்க" என்று சொல்லியும் இருக்கிறார். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பெண்ணாவது கேட்டிருக்கலாம். அவளோ இவரை லிஃப்ட் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டாள். இறங்கும்போது தயங்கித் தயங்கி, "சார், ரிப்போர்ட்ல நல்லபடியா எழுதுங்க" என்று வேறு கேட்டுக்கொண்டாளாம்.

கீழே கதவு திறந்தபோதுதான் அத்தானுக்கு விஷயமே உறைத்திருக்கிறது. பேய் அறைந்த மாதிரி வந்து அக்காவின் முன்னால் நின்றார். அக்கா சிரிக்க ஆரம்பித்தவள், அவர் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் கறாரான ஆசாமி. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான் என்றார். அந்தப் பெண் ஓடி வந்து பரிந்து பேசியும் அவர் மசியவில்லை. அக்கா தன் கைப்பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, இதுல போயிட்டு வாங்க."

அத்தான் வாங்கவில்லை. "லிஃப்ட்ல ஏறியாச்சும்மா. அது போதும். மேல என்ன, வெறும் கண்ணாடி. மாப்பிள்ளை பாத்துட்டு வந்து சொல்வான்."

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். வருத்தமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பாள். அவர் சும்மா, ஆஸ்பத்திரியில் 'அடுத்த தடவை வாங்க, இப்ப இடம் இல்லை' என்று சொல்வாரே, அப்படிச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த மனுஷனைத் தனியா அனுப்பினா மறுபடியும் இறங்காமதான் வருவார்" என்று டிக்கெட் பார்க்கிறவரிடமே முறையிட்டுவிட்டு, விடுவிடுவென்று கவுன்ட்டருக்குப் போய் இன்னொரு டிக்கெட் வாங்கினாள். என் அக்கா பிறந்ததிலிருந்து விலை கேட்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நான் மேலே லிஃப்ட் வாசலிலேயே நின்றேன். நகரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. கதவு திறந்தது. கூட்டம் இறங்கியது. கடைசியில் இரண்டு பேர் மிச்சம். அத்தான் பழையபடி பட்டன்களின் ஓரத்தில். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அவர் சட்டைக் கையை முறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

"எல்லாரும் இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சு."

"அப்ப நீங்க ஏன் நிக்கிறீங்க? நடங்க."

கண்ணைத் திறக்காமலே அவரை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அத்தான் வெளியே காலை வைத்தார், குழந்தை தண்ணீரில் கால் வைப்பது மாதிரி. நான் இரண்டு பேரையும் கண்ணாடிவரை கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு இன்னொன்றை. ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம ஆஸ்பத்திரி இதுல எத்தனை அடுக்கலாம்?" என்று கேட்டாள். அத்தான் பதினெட்டு என்றார், யோசிக்காமல். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் லிஃப்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார்.

புறப்படும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள், "படி எங்க இருக்கு?"

"எழுபத்திரண்டு மாடி, அக்கா" என்றேன் நான்.

அத்தான் என்னைக் கையமர்த்தினார். "இருக்கும்மா, அந்தக் கோடியில. வா, மெதுவா இறங்கலாம். நானும் கூட வரேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செருப்பு வாரை இறுக்கக் குனிந்தும்விட்டார்.

அக்கா குனிந்த அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேண்டாம், எந்திரிங்க. லிஃப்ட்லயே போகலாம்" என்றாள். "ஆனா ஒண்ணு. பட்டன்கிட்டப் போய் நிக்கக் கூடாது. என் பக்கத்துல நில்லுங்க."

லிஃப்ட் வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம் விட்டாள். அத்தான் அவளைக் கடந்து உள்ளே போய், பின்சுவரோரமாக அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். கீழே வந்து சேரும்வரை அவள் கையை விடவில்லை.