ஒரு பங்கு கடல், நாலு பங்கு கிணறு

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குப் பூநகரிக் கரையோரம் ஒரு சின்ன அரசாங்க டிஸ்பென்சரிக்கு மாற்றம் கிடைத்தது. அவர் அப்போதிக்கரி, டொக்டர் இல்லாத இடத்தில் நோய் பார்த்து மருந்து கொடுக்கிறவர். எங்களுக்குக் கலியாணமாகி எட்டு மாதம்தான். டிஸ்பென்சரிக்குப் பின்னால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக எங்கள் வீடு. பின்வேலியில் நின்று பார்த்தால், நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் ஆழமில்லாத பரவைக்கடல் தெரியும். மீனும் இறாலும் வேண்டிய மட்டும் கிடைக்கும். மரக்கறிதான் இல்லை. பளைச் சந்தைக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிட்டால், பஸ் வந்த நாளில் வாடிய கத்தரிக்காய் நாலைந்து வந்து சேரும்.

நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் போடுகிற வீட்டில் பிறந்தவள். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் மாற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் கணவர் மண்வெட்டியைப் பிடித்ததே இல்லை. அவருக்குத் தபாலில் வருகிற ஆங்கிலச் சஞ்சிகைகள் இருந்தன.

ஒரு வைகாசி மாதம் அப்படி ஒரு சஞ்சிகையைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார்.

“இஞ்சரும், வெளிநாட்டிலை ஒரு இடத்திலை கடல் தண்ணியைக் கலந்து ஊத்தி மணலிலை மரக்கறி வைக்கினமாம். ஒரு பங்கு கடல் தண்ணி, நாலு பங்கு நல்ல தண்ணி. எங்களுக்கு மணலும் இருக்கு, கடலும் இருக்கு.”

“நல்ல தண்ணி எங்கை இருக்கு?” என்று கேட்டேன்.

வளவுக்குள் இருந்த கிணறே உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீருக்கு நான் கோயிலடிக் கிணற்றுக்கு நடந்து போவேன்.

“எங்கடை கிணறே அதுக்குக் காணும். உம்மடை நாக்குக்குத்தான் அது உப்பு” என்றார்.

ஐந்து பாத்தி கட்டினோம். பயற்றை, தக்காளி, வெண்டி, கத்தரி, பீற்றூட். விதைகள் முளைத்து ஒரு சாண் வரும்வரை நல்ல தண்ணீர்தான் விட்டேன். பிறகு அவர் டிஸ்பென்சரியிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து, உள்ளே கோடு கீறி, அதுவரை கடல் தண்ணீர், மிச்சம் கிணற்றுத் தண்ணீர் என்று காட்டினார். முதல் மூன்று நாள் கடல் தண்ணீரை அவரே சுமந்தார். நாலாம் நாள் நோயாளிகள் நேரத்தோடு வரத் தொடங்கிவிட்டார்களாம். அதன் பிறகு சுமந்தது நான். காலையும் மாலையும் சேற்றில் இறங்கி, வாளியை நிரப்பி, வேலியைச் சுற்றி வர வேண்டும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று சேலையை இழுக்கும். ஒரு கையில் வாளி, மற்றக் கையில் சேலைத் தலைப்பு.

முதலில் பயற்றை போனது. இலை ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகி, ஒரே கிழமையில் கொடி முழுக்கச் சுருண்டது.

“வெயில்” என்றார்.

அடுத்தது வெண்டி. “விதை பழசு” என்றார்.

தக்காளியும் பூவோடு வாடி விழுந்தபோது, பாத்தியின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கையால் சுரண்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீர் அளவாக் கலக்கேல்லைப் போலை.”

எனக்கு வந்த கோபத்தில் வாளியை அப்படியே அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் வாளி அதே இடத்தில் இருந்தது. அவர் டிஸ்பென்சரியில் இருந்தார். வேறு என்ன செய்ய, நான்தான் தூக்கினேன்.

எங்களுக்கு இறால் கொண்டுவந்து தருகிற ஒரு அம்மா இருந்தா. அவவின் மனிசன் பரவைக்கடலில் தொழில் செய்கிறவர். பாத்திகளைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை ஊத்துறியள்?” என்று கேட்டா. சொன்னேன்.

“ஐயோ பிள்ளை, இந்தக் காலத்திலை உது கடல் தண்ணியே? வெயிலுக்கு வத்தி வத்தி உப்புக் கட்டுற தண்ணியெல்லோ. பெருங்கடல் தண்ணி இதிலும் பார்க்க நல்லது. ஒருக்கா வாயிலை விட்டுப் பாருங்கோ.”

விட்டுப் பார்த்தேன். நாக்குக் கசந்தது. அவ சொன்னது சரி.

மத்தியானம் சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி, “மீன் விக்கிற மனிசிக்கு உதெல்லாம் விளங்காது” என்றார். பிறகு இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் சஞ்சிகையை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

அதன் பிறகு நான் சொல்வதை விட்டேன். கடல் தண்ணீரில் பாதியை வேலியோரம் கொட்டினேன். கோயிலடிக் கிணற்றிலிருந்து கூடுதலாக நாலு நடை நடந்தேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர். கிழமைக்கு ஒருநாள் உப்புக் கீழே இறங்கட்டும் என்று வெறும் நல்ல தண்ணீரால் பாத்தியை நனைத்து ஊறவிட்டேன். மிஞ்சியிருந்த கத்தரி துளிர்த்தது. பீற்றூட் இலை விரித்து நின்றது. அவர் காலையில் பல் தீட்டிக்கொண்டு வந்து பார்த்து, “நான் சொன்னனான்தானே” என்றார்.

ஆவணியில் ஒரு விவசாயப் போதனாசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். காய்ச்சலுக்கு மருந்து எடுக்க வந்தவரை இவர் கையோடு தோட்டத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். வந்தவர் குந்தி இருந்து ஒரு பீற்றூட்டைக் கிளறிப் பார்த்தார். கிழங்கு கட்டியிருந்தது. ஆச்சரியப்பட்டார்.

“ஒண்டுக்கு நாலு. வேறை ஒண்டும் இல்லை” என்றார் என் கணவர்.

போதனாசிரியர் சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினார். “நல்ல விசயம் ஐயா. கரையோரச் சனத்துக்குச் சொல்லலாம். அடுத்த கிழமை கூட்டம் ஒண்டு வைக்கிறன்.”

நான் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு நின்றேன். கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள் ஆண்கள். தண்ணீர் சுமக்கப் போகிறவர்கள் அவர்களுடைய பெண்சாதிமார். பயிர் கருகிய பிறகு அந்தப் பெண்களிடமும் அளவாகக் கலக்கவில்லை என்றுதான் சொல்லுவார்கள்.

“நாலு இல்லை, பத்து” என்றேன். “கிழமைக்கு ஒருக்கா வெறும் நல்ல தண்ணியும் விட வேணும். நாலு ஊத்தின பாத்தி மூண்டும் அந்தா, செத்துப்போய்க் கிடக்குது.”

போதனாசிரியர் எழுந்து நின்றார். “ஆர் அம்மா ஊத்தினது?”

“நான்தான்.”

அவர் என் கணவரைப் பார்த்தார். பிறகு எழுதியதை வெட்டினார். கோயிலடிக் கிணறு எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டார். சொன்னேன். “அவ்வளவு நல்ல தண்ணி இருந்தால் கடல் தண்ணி என்னத்துக்கு?” என்று மெல்லச் சிரித்தார். கூட்டம் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

மோட்டார் சைக்கிள் போனதும் என் கணவர் கதவடியில் நின்று கேட்டார்.

“ஆக்களுக்கு முன்னாலை உப்பிடிச் சொல்லலாமே? என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாம்.”

“தனியச் சொன்னன். மூண்டு தரம் சொன்னன்.”

“எப்ப?”

மெய்யாகவே அவருக்கு நினைவில்லை. நடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய ஆத்திரமாக இருந்தது. ஒரு கிழமை இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். பீற்றூட் கறி வைத்த அன்று இரண்டாம் தரம் சோறு கேட்டார், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகளில் பூத்திருந்த உப்பெல்லாம் மூன்று நாளில் கரைந்து போனது. கீரையும் வெண்டியும் போட்டேன். ஒரு வாளி தண்ணீர்கூடச் சுமக்காமல் தை வரைக்கும் காய்த்தன.

அடுத்த வைகாசியில் அவர் மீண்டும் தொடங்கினார். “இந்த முறை பத்தாகவே கலந்து பாப்பம்.”

“ஓம், பாருங்கோ” என்று வாளியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு வெளியே ஒரு நோயாளி கூப்பிட்டார் என்று போய்விட்டார். எனக்கு யாரும் கூப்பிட்டது கேட்கவில்லை.