கத்தரிக்கோல் படாமல்

நுனியில் இரண்டாகப் பிளந்த முடி அங்கேயே நின்றுவிடும் என்றுதான் நான் நெடுநாள் நம்பியிருந்தேன். நிற்காது. பிளவு மேலே ஏறும். இடையில் வெள்ளையாக ஒரு புள்ளி விழும். ஒருநாள் சீப்பை இழுக்கும்போது அந்த இடத்தில் பட்டென்று அறும். இதற்கு உலகத்தில் ஒரே ஒரு மருந்துதான், பிளந்த இடத்துக்கு மேலே வெட்டிவிடுவது. எண்ணெய், சீரம், முட்டை, வாழைப்பழம் எல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. இது மொன்றியலில் நீள முடி வைத்திருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என்னால் வெட்ட முடியாது.

வெட்டமாட்டேன் என்று மாதாவுக்குச் சொல்லியிருந்தேன். மன்னாரில் எங்கள் கலியாணம் முடிந்து, நான் திரும்பிப் பறப்பதற்கு முந்திய கிழமை, நானும் அவரும் மடு மாதா கோயிலுக்குப் போனோம். அவர் மொன்றியலில் வந்து இறங்கும்வரை என் தலையில் கத்தரிக்கோல் படாது, வந்த பிறகு இருவருமாக மடுவுக்குத் திரும்பி வந்து முடியைக் காணிக்கையாகக் கொடுப்போம் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். வெளியே வந்து மரநிழலில் நின்றபோது அவரிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உம்மட முடி இடுப்பைத் தாண்ட முன்னம் நான் வந்திடுவன்" என்றார்.

முடி இடுப்பைத் தாண்டியது. அவர் வரவில்லை. கணவனைக் கூப்பிடுவதற்கு நாட்டிடம் ஒரு அனுமதி, மாகாணத்திடம் இன்னொரு அனுமதி என்று இங்கே இரண்டு வாசல்கள். ஒன்று திறந்தால் மற்றது சாத்திக்கொள்ளும். மாகாணம் தாண்டி ரொறன்ரோவில் இருக்கிற என் சிநேகிதியின் கணவன் எங்களுக்குப் பிறகு விண்ணப்பித்து, வந்து, வேலையும் எடுத்து, இப்போது பனி தள்ளுகிறான். நான் தலைகீழாக நின்றாலும் இங்கே ஒன்றும் நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் என் முடி நுனியில் இருந்த பிளவுதான்.

இந்த ஊர்க் குளிரைப் பற்றி எல்லோரும் வெளிக்குளிர் என்றுதான் பேசுவார்கள். முடியைக் கொல்வது வெளிக்குளிர் அல்ல, உள்ளே இருக்கிற சூடு. மொன்றியலின் ஓரத்தில் லாசாலில் நான் இருக்கிற அறையில் ஹீட்டர் சுவர் நீளத்துக்கும் எரியும். காற்று அப்பளம்போல் காய்ந்துவிடும். ஹீட்டருக்கு மேலே சட்டியில் தண்ணீர் வைத்தால் மாலைக்குள் வற்றிவிடும். தேங்காயெண்ணெய்ப் போத்தலோ சன்னலோரம் கல்லாக உறைந்து கிடக்கும். அதை ஹீட்டரில் வைத்து உருக்கி, தலையில் வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், தொப்பிக்கு வெளியே தொங்குகிற பின்னலில் எண்ணெய் மறுபடி உறையும். கம்பளிச் சால்வை நுனிகளைப் பிடித்து இழுக்கும். குளிர் ஜாக்கெட்டின் சிப் தன் பங்குக்கு ஒரு கொத்தைக் கடிக்கும். எனக்கு வேலை பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி செய்வது. அங்கே பிஸ்கட் சுடுகிற அவனடுப்பின் வெக்கை. தலைவலையைக் கழற்றும்போது முடி சடசடவென்று பொறிபறந்து எழுந்து நிற்கும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

முதல் குளிர்காலத்தில், நுனி வெடிக்கிறது, ஒரு விரற்கடை எடுத்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன். கேட்டதே பிழை என்று ஆகிவிட்டது. "மாதாவோட விளையாடாதையும்" என்றார். அடுத்த நாள் முழுக்க அவரிடமிருந்து அழைப்பு இல்லை. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. நான் முடியைக் காப்பது அவர் வருவதற்காக, அவர் கோபிப்பதும் வரவேண்டும் என்பதற்காக என்று எனக்குள் ஒரு இதம் இருந்தது. அந்த வருடம் அவர் மன்னாரில் தன் போன் திருத்துகிற கடையில் இருந்துகொண்டே பிரெஞ்சு படித்தார். திருத்தக் கொடுத்த போன்களுக்கு நடுவில் இருந்து "பொன்ஜூர், மதாம்" என்று தொடங்குவார். மெட்ரோவில் எங்கே ஏறுவது, பூட்ஸ் அங்கே வாங்குவதா இங்கே வாங்குவதா, பனியில் மோட்டார் சைக்கிள் ஓடுமா என்றெல்லாம் கேட்பார். பிறகு அந்தக் கேள்விகள் குறைந்தன. கடை வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் பின்னலின் கடைசி ஒரு முழம் எலிவால்போல் ஆகிவிட்டது. படுக்கையில், சிங்கில், வெள்ளைச் சோற்றில் எல்லாம் உடைந்த துண்டுகள். வேரோடு கழன்றவை அல்ல, அரை விரல் நீளத் துண்டுகள். கத்தரிக்கோல் படாமலே முடி குட்டையாகிக்கொண்டிருந்தது. வீடியோவில் அவருக்குத் தெரியக்கூடாது என்று பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்வேன். பிறகு அதுவும் பயமாகி, இணைப்புச் சரியில்லை என்று படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் கதைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸும் மெட்ரோவுமாக, நம் ஆட்கள் நிறைய இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அக்கா தன் வீட்டு முன்னறையில் தலை வெட்டுவார், புருவம் எடுப்பார். ஊர்ப் பெண்களின் தலைகளெல்லாம் அவருடைய கைபட்டவை. எனக்கு வெட்டவேண்டாம், பார்த்து வழி சொன்னால் போதும் என்றேன். நேர்த்தி விஷயத்தையும் சொன்னேன். அக்கா பின்னலை அவிழ்த்து, ஒரு பிடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருடைய முகம் டொக்டர்களின் முகம்போல் ஆனது.

"பிள்ளை, இது தலைமயிர் இல்லை, தும்பு" என்றார். "ஒரு முழம் எடுத்தியெண்டால் மிச்சம் தப்பும். எடுக்காட்டில், பனி கரையேக்க தோள்மூட்டோட நிக்கும்."

முடியாது என்றேன். அக்கா சைவசமயம், மடு மாதாவையும் கும்பிடுகிறவர், அதனால் கேலி செய்யவில்லை. நேர்ந்துவிட்ட ஆட்டை யாராவது பட்டினி போட்டுக் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டார். நேர்த்தியில் ஓட்டை தேடத் தொடங்கினால் அது நேர்த்தியே இல்லை என்று ஏதோ சொல்லிவிட்டு, ஒரு போத்தல் எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்படிப் பெரிய வாயாகச் சொன்ன நான்தான் பிறகு ஓட்டை தேடினேன். மெழுகுதிரிகளைச் செபித்து மந்திரிக்கிற திருநாளுக்குக் கோயிலில் தந்த மெழுகுதிரி அறையில் இருந்தது. போனில் ஒரு காணொளியில், ஒரு பெண் முடியைக் கயிறுபோல் முறுக்கி, மெழுகுதிரிச் சுடரை அதன்மேல் மெதுவாக ஓட்டினாள். முறுக்கில் இருந்து துருத்திக்கொண்டு நின்ற பிளந்த நுனிகள் மட்டும் பொசுங்கி விழுந்தன. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கத்தரிக்கோல் படாது என்றுதானே மாதாவுக்குச் சொன்னேன், நெருப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே. அதுவும் மந்திரித்த மெழுகுதிரி. இதைவிடச் சுத்தமான வழி இருக்கமுடியாது என்று எனக்குப் பட்டது. இப்படி யோசிப்பதற்கு விசர் பிடித்தால் மட்டும் போதாது, சின்ன வயதிலிருந்து மறைக்கல்வியும் படித்திருக்கவேண்டும்.

சிங்குக்கு மேலே நின்று செய்தேன். முதல் இரண்டு முறுக்கும் நன்றாக வந்தன. மூன்றாவதில் அக்காவின் எண்ணெய் இருந்தது. சர்ரென்று ஒரு சத்தம், இடப்பக்கத்தில் ஒரு சாண் வெளிச்சம். தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்தேன். புகை எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டியது. சன்னல் பனியில் இறுகித் திறக்க மாட்டேன் என்றது. மேல்வீட்டுக் கிழவர் கதவைத் தட்டி, "சா வா, மதாம்?" என்று நலம் விசாரித்தார். பாதி நனைந்து பாதி பொசுங்கிய தலையோடு கதவிடுக்கில் நின்று மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். அந்த நாற்றம் கிழமைக்கணக்கில் திரைச்சீலையில் இருந்தது.

யாராவது சொன்னால் நானும் விழுந்து விழுந்து சிரிக்கிற கதைதான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. குளியலறைத் தரையில் இருந்து அழுதேன். முடிக்காக இல்லை. இருந்த முடியே போகிற வழிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் குறுக்கு வழியில் போனதால் நேர்த்தி முறிந்துவிட்டது, இனி அவர் வரமாட்டார் என்று பயந்தேன். இரண்டு அரசாங்கங்களின் மேசைகளில் கிடக்கிற விஷயத்துக்கும் லாசாலில் ஒரு சிங்கில் பொசுங்கிய முடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாசல்களில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அவர் வருவதற்காக என் கையால் செய்யக்கூடியதாக இருந்தது இந்த ஒன்றுதான், அதையும் எரித்துவிட்டேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, எனக்குக் காலையும் அவருக்கு இரவுமாக இருக்கிற வழக்கமான நேரத்தில் அழைத்தேன். ஒளிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். படத்தைப் போட்டு, கொண்டையை அவிழ்த்து, கருகிய பக்கத்தை முன்னால் எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிளவு, அக்கா, மெழுகுதிரி. அவர் கோபிப்பார், ஒருநாள் அல்ல ஒரு கிழமை அழைக்காமல் இருப்பார் என்று நினைத்தேன். கோபிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவருக்கு நான் சொன்ன சொல் அவ்வளவு பெரிதாக இருந்தால் எனக்குப் போதும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கையில் காயம் இல்லைத்தானே என்று விசாரித்தார். பிறகு, "வெட்டிவிடும். ஏன் சும்மா கஷ்டப்படுறீர்" என்றார்.

நேர்த்தி என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, என்மேல் இரக்கப்பட்ட சிரிப்பு. "அது அப்ப சொன்னதுதானே. மாதா ஒண்டும் சொல்லமாட்டா. வடிவாக் கட்டையா வெட்டும், குளிருக்கும் நல்லம்."

அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். பக்கத்துக் கடையையும் எடுத்திருப்பதாகச் சொன்னார். நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கப் போகிறார்கள், ஒரு பொடியனை வேலைக்கு வைக்கவேண்டும், வாடகை ஐந்து வருடத்துக்கு எழுதியாயிற்று. போனைத் திருப்பி அந்தச் சுவரையும் காட்டினார். அவருடைய குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பழக்கமானது. பூட்ஸைப் பற்றிக் கேட்ட காலத்தில் இருந்த அதே உற்சாகம். நல்லது என்றேன். அவருக்கு நல்லதுதான். மூன்று வருடம் ஒரு மனிதன் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கமுடியாது என்று எனக்கு விளங்காமல் இல்லை. அவரில் எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை.

"நீங்கள் வாறியள்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம்" என்றார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை கேட்டதற்கெல்லாம் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, சாப்பிட்டீரோ என்று கேட்டார்.

அவர் வரமாட்டார். அவர் எப்போதோ காத்திருப்பதை விட்டுவிட்டார், அதை எனக்குச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை. விட்ட நாள் எது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நான் ஏசியிருக்கலாம், ஐந்து வருடத்துக்குக் கடை எழுதியவர் எந்த விமானத்தில் ஏறப்போகிறார் என்று கேட்டிருக்கலாம். சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷன் அக்கா இரண்டு தடவை அழைத்து, எப்போது வருகிறாய் என்று கேட்டார். அவரே வெட்டச் சொல்லிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். பிறகென்ன, நாளைக்கே வா என்றார். பேந்து வாறன் என்று தள்ளிப்போட்டேன். போகவில்லை. காலையில் எண்ணெயை உருக்கிப் பூசுகிறேன், மெதுவாகச் சீவுகிறேன், சீப்பில் உடைந்து வருவதை எடுத்துப் போடுகிறேன். அக்கா சொன்னபடி தோள்மூட்டோடு நிற்கட்டும், அதற்கு மேலேயும் போகட்டும். நான் வெட்டினால் இரண்டு பேரும் விட்டுவிட்டோம் என்று ஆகிவிடும். இப்போதைக்கு ஒருவர்தான் விட்டிருக்கிறார்.