குழம்புக் கறை உள்ள புத்தகம்

எங்கள் தெருவில் ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, "அக்கா, படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி ஷெட்டில் தார் சுற்றுகிறேன். தறி நாடாவுக்குள் போடுகிற குச்சியில் நூலைச் சுற்றித் தருகிற வேலை. ஒரு புத்தகத்தைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன். சொல்ல ஆரம்பித்தது எப்படி என்பதை எழுதினால் என் தங்கச்சிக்குக் கோபம் வரலாம். வரட்டும். அவள் கோபப்பட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மா பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்தாள். வருகிற மூட்டையைப் பிரித்து, செய்தித்தாள் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று தரம் பிரிக்கிற வேலை. அவளுக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆனால் சனிக்கிழமை தவறாமல் தங்கச்சிக்கு ஒரு புத்தகம் கொண்டுவருவாள். கடை அண்ணாச்சி கண்டுகொள்ள மாட்டார். தங்கச்சியின் ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். அம்மா கொண்டுவந்த எந்தப் புத்தகத்தையும் தங்கச்சி பாதியில் வைத்ததே கிடையாது.

"படிக்கத் தெரியாம எப்படிம்மா எடுக்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அம்மா புத்தகத்தை மூடி, பக்கங்களின் ஓரம் தெரிகிற மாதிரி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இங்கன பாரு. கைபட்ட அழுக்கு இருக்குல்லா? முன்னால மட்டும் கறுத்திருந்தா, வாங்கினவ பாதியில தூக்கிப் போட்டுட்டா. கடைசி வரைக்கும் கறுத்திருந்தா, படிச்சு முடிச்சிருக்கா. அவ்வளவுதான் ஏட்டி."

இன்னொன்றும் பார்ப்பாள். கடைசித் தாள் இருக்கிறதா என்று. அது இல்லையென்றால் எவ்வளவு நல்ல புத்தகமானாலும் எடைக் குவியலுக்குப் போய்விடும்.

போன ஆடித்தபசு முடிந்த மறுவாரம் காய்ச்சல் என்று படுத்தாள். நான்காம் நாள் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அப்பா எங்களை விட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்போதுதான். இப்போது வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும்.

அவள் பத்தாம் வகுப்பு. அம்மா போனதிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தட்டை முன்னால் வைத்தால் நாலு வாய் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். அம்மா கொண்டுவந்த புத்தகங்கள் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியை நூல் கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். நான் பேசினால் 'ம்' என்பாள். சில நாள் அதுவும் இல்லை. வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டவா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பேன். ஷெட்டில் குச்சி சுற்றும்போது திடீரென்று எழுந்துவிடுவேன். ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். மேஸ்திரி திட்டுவார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி சொன்னாள். அம்மாவின் தங்கை, குருவிகுளத்தில் இருக்கிறவள். "இவளை மில்லுக்கு அனுப்பிருவோம். எம்மவ இருக்கா அங்கன. ஹாஸ்டல், மூணு வேளை சோறு, கூடப் பேச நாலு பிள்ளைக. வார வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வருது."

"படிக்கட்டும் சித்தி."

"எங்கட்டி படிக்கா? பள்ளிக்கூடத்துக்கே போவல. சுவத்தப் பார்க்க உக்கார வச்சுட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிருத. ஒரு நாள் திரும்பி வந்து என்னத்தப் பாக்கப் போற?"

என் பயத்தைத்தான் சித்தி வாய்விட்டுச் சொன்னாள். தங்கச்சியிடம் கேட்டேன், "நீ என்னட்டி சொல்லுத?" என்று.

"எங்கன இருந்தா என்ன" என்றாள்.

சித்தி கெட்டவள் இல்லை. ஆனால் நான் எட்டாம் வகுப்பில் பையைக் கீழே வைத்த அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்று உண்டு. இவள் வைக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு. வெள்ளிக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது. அவளை எதுவும் அசைக்கவில்லை. பழைய நாளில் அவளை அசைத்தது புத்தகம் மட்டும்தான். கிறுக்குத்தனம்தான், ஆனால் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவளுடைய டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். இந்த வயசுப் பிள்ளைகள் படிக்க வேண்டியவை என்று ஐந்து பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதோடு நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த சார், "யாருக்கும்மா?" என்றார்.

"தங்கச்சிக்கு சார். பதினஞ்சு வயசு."

"எந்த மாதிரி புத்தகம் விரும்பிப் படிப்பாங்க?"

டீச்சர் கொடுத்த தாளை அவரிடம் நீட்டினேன். பிறகு கேட்டுவிட்டேன். "சார், அம்மா செத்துப்போன பிள்ளைக்கு என்ன புத்தகம் குடுப்பாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தத் தாளில் இருந்த இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஓரத்தைப் பார்த்தேன். நூலகத்தில் ஓரத்தை வெட்டி பைண்டு பண்ணிவிடுகிறார்கள். வெள்ளையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் அவள் அவற்றைத் தொடவில்லை. நானே ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். துன்பம் வந்தால் கலங்காதே, மலைபோல் நில் என்று இருந்தது. எழுதினவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மலைக்கு அம்மா உண்டா?

செவ்வாய்க்கிழமை பேப்பர் கடைக்குப் போனேன். அம்மா போனபிறகு அங்கே போகவே கூடாது என்றிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "வா மக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா உட்காருகிற இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. அவள் போட்டு உட்காருகிற சாக்கு அப்படியே மடித்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக ஓரத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. ஆனால் கடைசிப் பக்கங்கள் கன்னங்கரேல் என்று இருந்தன. இதை ஒருத்தி பத்துத் தடவை முடித்திருப்பாள் என்று நினைத்து, ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தங்கச்சி வாங்கினாள். ஓரத்தைப் பார்த்தாள். பின்னால் பிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இது பரீட்சைக் கேள்விப் புத்தகம்க்கா. விடை பின்னால இருக்கு. அதான் அழுக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அம்மா இப்படித்தானட்டி பார்ப்பா?"

"அம்மா ஏமாற மாட்டா. ஓரத்தப் பார்த்துட்டு நடுவுல பிரிப்பா. குழம்புக் கறை இருக்கான்னு பார்ப்பா." புத்தகத்தை என்னிடமே திருப்பித் தந்தாள். "தட்டுல சோறு இருக்கும்போதும் கீழ வைக்க முடியலன்னா, அதுதான் எம்மவளுக்குன்னு சொல்லுவா."

அம்மா அதை என்னிடம் சொன்னதில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். படிக்கிற மகளுக்கு முழுதும், படிக்காதவளுக்குப் பாதி. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தங்கச்சி மேல் பொறாமைப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனேன். மூன்று மூட்டை பிரித்தேன். நடுப்பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை, பிறகு இருபது பக்கம் தள்ளி இன்னொன்று, ஒரு பக்கத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கையே ஒட்டியிருந்தது. பெயரும் இல்லை, அட்டையும் இல்லை. கடைசித் தாள் இருந்தது. அதைத் தரையில் தங்கச்சியின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அரை மணி நேரம் கழித்துத் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ரயிலில் அண்ணனைத் தேடிப் போகிற ஒரு பிள்ளையின் கதை. சாப்பிடும்போது அவளே சொன்னாள். "கிடைச்சிருவானாட்டி?" என்று கேட்டேன். "இன்னும் தெரியல" என்றாள். இரண்டு தடவை சோறு வாங்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். அவள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். புத்தகம் ஜன்னல் திட்டில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இன்னும் பத்துத் தாள்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவாள். முடித்தால் மறுபடியும் சுவர். காலையில் எட்டு மணிக்கு வண்டி. 'எங்கன இருந்தா என்ன' என்று சொல்லி ஏறிவிடுவாள். கடைசி நாலு தாளைச் சேர்த்துப் பிடித்துக் கிழித்தேன்.

அம்மா இருந்திருந்தால் என் கையை ஒடித்திருப்பாள்.

தாளை மடித்துத் தூக்குச்சட்டிக்குள் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அன்று முழுக்க என் தார்க்குச்சியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் தெருமுனையிலேயே அவள் சத்தம் கேட்டது. வாசலில் நின்று கத்தினாள். "கடைசி இல்லக்கா! கடைசியப் பார்க்காம எடுத்துட்டு வந்திருக்க! உனக்கு ஒண்ணுமே தெரியாது! அம்மா இப்படிப் பண்ணுவாளா? அம்மா பார்க்காம எடுப்பாளா?" 'அம்மா அம்மா' என்று அதையே சொல்லி, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போன அன்றுகூட அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே சித்தி வந்துவிட்டாள். வழிக்குத் தின்ன ஒரு பொட்டலம் முறுக்கும் கொண்டுவந்திருந்தாள். "என்ன, பிள்ளை இன்னும் குளிக்கல?"

தங்கச்சி ஜன்னல் பக்கம் புத்தகத்தோடு நின்றாள். வெயில் நேராக விழுந்தது. கிழித்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நறுக்குகளை விரலால் எண்ணினாள். பிறகு அந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் ஷெட்டில் பச்சைக் கலர் ஓடியது. சாய நூல் சுற்றுகிற கையில் வேர்வையோடு நிறம் ஏறிவிடும், சோப்புக்குப் போகாது. கிழித்த நறுக்கின் மேல் பச்சையாக ஒரு பெருவிரல் ரேகை.

அவள் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். அவ்வளவுதான், சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சித்தி, இதுல கடைசி நாலு தாளைக் காணோம். அது கிடைக்காம நான் எங்கயும் வர மாட்டேன்."

"கிழிஞ்ச புத்தகத்துக்காட்டி வண்டிய விடுதியா? கிறுக்காட்டி உனக்கு?"

"ஆமா."

சித்தி என்னைப் பார்த்தாள். "நீ என்ன வாயடச்சுப் போய் நிக்க? நீயாவது சொல்லேன்."

"அவ சொல்லுதது சரிதான் சித்தி."

"ரெண்டும் ஒரே கிறுக்கு! உங்கம்மா பேப்பரப் பொறுக்கிப் பொறுக்கியே செத்தா, இப்ப உங்களையும் பேப்பர் புடிச்சு ஆட்டுது!" என்று கத்திய சித்தி, வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்காவை இழந்தவள் அவளும்தானே. எட்டு மணி அடித்துப் போனது. தன் ஊர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முறுக்குப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து, முந்தின ராத்திரி நான் ஒளித்துவைத்த அந்தத் தாள்களை எடுத்தேன். அந்தக் கார்டில் அம்மா பெயரை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. "இந்தா. அடிக்கணும்னா அடி" என்றேன்.

அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை. "நீயே வச்சுக்க."

"ஏன்?"

"முடிஞ்சிரும்லா."

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போனாள். இப்போதும் சில நாள் போக மாட்டாள். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும், பேப்பர் கடைக்கு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். அவள் கதையைப் பார்ப்பாள், நான் கறையைப் பார்ப்பேன். அவள் படித்து முடித்ததைத்தான் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். நல்ல புத்தகமா என்று கேட்டால், "சாப்பிடும்போது படி, திட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

அந்த நாலு தாள் இன்னும் ரேஷன் கார்டோடுதான் இருக்கிறது. நான் படிக்கவில்லை. படித்தால் என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவளும் இதுவரை கேட்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை அரிசி வாங்க நான் அந்தக் கவரைக் கையில் எடுக்கும்போது, அவள் ஒரு கணம் நின்று பார்க்கிறாள். கேட்டுவிடுவாளோ என்று கவரைச் சட்டென்று பைக்குள் வைத்துவிடுவேன். அந்த மாத அரிசியை வாங்கிக்கொண்டு சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.