பாராமுகமாய்ப் பார்த்த பெட்டி

பொம்மை சேர்க்கிறேன் என்றால் எங்கள் கள்ளக்குறிச்சியில் கொலுப்படியை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சேர்ப்பவை வேறு. ஓரடி உயரமுள்ள, உடை மாற்றக்கூடிய, நெகிழியாலான ஆண் பொம்மைகள். ஒரு தலைமுறைக்கு முன் நம் நாட்டுக் கடைகளில் பெண் பொம்மைக்குத் துணையாக விற்கப்பட்டவை. இன்னும் திருத்தமாகச் சொன்னால், பொம்மையைவிட அது வந்த பெட்டியே எனக்கு முதன்மையானது. பொம்மை ஒரே வார்ப்பில் பிறந்தது. நூறு கண்டாலும் ஒன்று கண்டதுதான். பெட்டியோ அச்சுக்கு அச்சு மாறியது. ஒன்றின் பின்புறத்தில் மூன்று உடைகள் வரையப்பட்டிருக்கும், மற்றொன்றில் நான்கு. ஒன்றில் மூடியின் மடிப்பு வட்டமாகவும் இன்னொன்றில் சதுரமாகவும் இருக்கும்.

என்னைப் போன்றவர்கள் சிலர், பல ஊர்களில் இருப்பவர்கள், இவ்வேறுபாடுகளையெல்லாம் தொகுத்து ஒரு பட்டியல் பேணி வருகிறோம். முதல் அச்சில், பொம்மையைக் கட்டிவைக்கும் உள்ளட்டை நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருந்தது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கண்டவர் எவருமில்லை. பட்டியலின் முதல் வரி அதனாலேயே வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பவேண்டும் என்பது நெடுநாளாய் என்னை அரித்த ஆசை.

சென்ற மழைக்காலத்தில், நான் மளிகை வாங்கும் கடைக்காரர் புளியை நிறுத்துக்கொண்டே சொன்னார்: “சார், மலைலேர்ந்து எனக்குப் புளி கொண்டாற அம்மா வூட்ல ஒரு ஆம்பள பொம்ம கீதாம். பொட்டியோட. முன்ன மெட்ராஸ்ல வூட்டு வேலைக்குப் போனப்ப குடுத்தாங்களாம். இன்னும் பிரிக்கவே இல்லியாம். போய்ப் பாருங்க, உங்களுக்கு ஜோடி கெடச்சாலும் கெடைக்கும்.” கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊர் பெயர் கேட்டுக்கொண்டு மறுநாளே புறப்பட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையம் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வெள்ளிமலைக்கு முன்பே இறங்கி, சேற்றில் அரைக் கல் தொலைவு நடந்தேன். அந்த அம்மாள் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே சென்று, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி என் மடியில் வைத்தார். தூசு படிந்த நெகிழிச் சாளரத்தின் வழியே அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னே இருந்த அட்டை மஞ்சள். பழுப்பேறிய வெள்ளையன்று, அரைத்த மஞ்சளின் நிறம்.

அங்கேதான் என் அறிவு என்னைக் கெடுத்தது. சேகரிப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: எதை விரும்புகிறோமோ அதைப் பாராதவர்போல் இருக்கவேண்டும், நாம் பார்ப்பது தெரிந்தால் உடையவருக்குக் கொடுக்க மனம் வராது. ஆகவே பெட்டியைப் புரட்டிக்கூடப் பாராமல் பொம்மையையே புகழ்ந்தேன். முகத்தைப் புகழ்ந்தேன், சட்டையைப் புகழ்ந்தேன். அலைபேசி சட்டைப்பையில் கனத்தது; அதையும் எடுக்கவில்லை.

திண்ணென்ற உடற்கட்டுடைய அவர் கணவர் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். “பொண்ணு கீதுங்களா வூட்ல?”

“இல்லைங்க.”

“பேத்தி?”

“இல்லைங்க. எனக்குத்தான்.”

அவர் மனைவியைப் பார்த்தார். “இவருக்காம்மே.” பிறகு என்னிடம், “இன்னா பண்ணுவீங்க சார் அத வச்சிக்கினு?” என்றார்.

“பாத்துக்கினு இருப்பாரு,” என்றார் அந்த அம்மாள். “நீ டிவிய பாக்கல?”

தரச் சம்மதித்தார்கள். பணம் வேண்டாம், ஓர் எவர்சில்வர் குடம் போதும் என்றார் அந்த அம்மாள். ஆனால் நான் பெட்டியோடு எழுந்தபோது அவர் கை குறுக்கே வந்தது.

“இன்னிக்கி வெள்ளிக்கெழமங்க. வூட்டுப் பொருள வெளிய குடுக்க மாட்டோம். லச்சுமி கூடவே பூடும்.”

“நாளைக்கு?”

“சனிக்கெழம நான் சந்தைக்குப் பூடுவேன். ஞாயித்துக்கெழம வாங்க. எங்க பூடப் போவுது?”

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெட்டியை அப்படியே வைத்திருங்கள், துடைக்கக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாசற்படியில் திரும்பி நின்று நான் சொன்னது, “பொம்மை பத்திரம்.” இன்றுவரை அந்த இரண்டு சொற்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையெங்கும் மழை. பேருந்தில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் அழைத்து அமரவைத்தார்கள். நனைந்த விறகு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அந்த அம்மாள் உள்ளுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். சற்று நேரத்தில் சுடச்சுடத் தேநீர் வந்தது. மலைக்குளிருக்கு அது தேவையாக இருந்தது. பாதிக்கு மேல் குடித்துவிட்டேன்.

பிறகு ஒரு மஞ்சள் துணிப்பையை இரு கைகளாலும் நீட்டினார். உள்ளே வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். அவற்றின் மேல் அவன். கட்டியிருந்த கம்பிகளை அறுத்தெடுத்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தார்கள். சட்டை துவைக்கப்பட்டிருந்தது, ஈரம் இன்னும் போகவில்லை. கன்னத்தில் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு.

“ஊருக்குப் போற பிள்ள. அழுக்கோட அனுப்பலாமா?” என்றார்.

பெட்டி எங்கே என்று கேட்டேன்.

“அதுவா? எலி கடிச்சி ஓரம்லாம் பூட்ச்சிங்க. அதுல வச்சிக் குடுத்தா எங்களுக்குத்தான் அசிங்கம்.” அடுப்பின் பக்கம் தலையை அசைத்தார். “வெறகு பத்தவே இல்ல. அந்த அட்டயப் போட்டதும் குப்புனு பத்திக்கிச்சி.”

என் கையிலிருந்த குவளையைப் பார்த்தேன்.

“உள்ளே ஒரு மஞ்சள் அட்டை இருந்ததே?”

“அதான் நல்லா எரிஞ்சிது.”

கணவர் என் முகத்தைக் கவனித்திருக்கவேண்டும். “பொட்டியா வேணும் உங்களுக்கு? சொல்லக்கூடாதா சார்? எங்க வூட்டு டிவிப் பொட்டியே மேல கீது, எடுத்துக்கினு போங்க,” என்றார். கேலியன்று, உண்மையாகவே பரணைக் காட்டினார்.

குறை சொல்ல அவர்களிடம் ஏதுமில்லை. விருந்தாளிக்குக் கொடுக்கும் பொருளைத் தூய்மை செய்து, தாம்பூலத்தோடு தந்திருக்கிறார்கள். நான் எதைப் புகழ்ந்தேனோ அதைக் காத்தார்கள். எதைப் பொருட்படுத்தாதவன்போல் நடித்தேனோ அதை எரித்தார்கள். மீதித் தேநீரையும் குடித்தேன். குடிக்காமல் வைத்திருந்தால் சர்க்கரை போதவில்லையா என்று கேட்டிருப்பார்.

இறங்கும் பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும் எனக்குள் ஒருவன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாம். பெட்டியைப் படமெடுத்தால் என்ன நினைத்திருப்பார்கள்? ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். டிவி பார்ப்பதுபோல இதுவும் ஒன்று என்று விட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் குழுவுக்கு எழுதினேன். மஞ்சள் உள்ளட்டை இருந்தது உண்மை. சாளரத்தின் வழியே என் கண்ணால் கண்டேன். கால் மணி நேரம் என் மடியில் இருந்தது. பின்புறத்தில் எத்தனை உடைகள் என்று மட்டும் எழுத முடியவில்லை, திருப்பிப் பார்க்கவில்லையே. சிறிது நேரத்தில் ஒருவர் மறுமொழி அனுப்பினார். மரியாதையான, சுருக்கமான மறுமொழி: படம் இருக்கிறதா?

படமோ பொருளோ இல்லாமல் எவர் சொல்லையும் பட்டியலில் ஏற்பதில்லை என்பது எங்கள் விதி. அதை முன்மொழிந்தவன் நான். அந்த விதியைக் காட்டி இருவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் அதன்பின் எங்களோடு பேசுவதே இல்லை. அன்று அவர் பொய் சொல்வதாகவே எண்ணினேன்.

இல்லை என்று எழுதி அனுப்பினேன். முதல் வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.