யாருக்கோ ஒரு பிரதி

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், 2022 ஆகஸ்ட் நான்காம் தேதி, வியாழக்கிழமை, இளையபெருமாள் மஸ்கட் போனான். பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் மெயில் சர்வரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவன். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி லேப் உதவியாளர் பூவிழியிடம் கொடுத்துவிட்டு, "ஓடுறதத் தொடாதீங்க. தொட்டா உங்க தலைலதான் விழும்" என்றான்.

பூவிழி என்னோடு அரியலூரில் படித்தவள். நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் அவள் திருமானூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கல்லூரிக்குப் போய்வந்தாள். சேர்ந்த அன்றே பத்தாவதிலிருந்து டிகிரி வரை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். அவர்களாகக் கொடுத்தால் ஒழிய யாரும் வேறு வேலைக்குப் போக முடியாது.

செப்டம்பரில் ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் அறிவழகன் லேப் வாசலில் வந்து நின்றார்.

"திருச்சி காலேஜ்ல இன்டர்வியூன்னு என் வூட்லகூட சொல்லல மேடம். மெயில்ல மட்டுந்தான் வந்துச்சு. ஆபீஸ்ல கூப்ட்டு கேக்குறாங்க. நடுவுல நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க?"

"நான் பாக்கல சார்."

"பாத்தவங்க யாரு பாத்தேன்னு சொல்லுவாங்க?"

மதியம் பூவிழி சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனபோது பேச்சு நின்றது. "மெதுவாப் பேசுங்கப்பா, சர்வர் வருது" என்றாள் தமிழ்மொழி, கூட வேலை செய்பவள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்று மாலை பூவிழி சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். வருகிற அஞ்சலை அவரவர் பெட்டியில் நேராகப் போடச் சொல்ல வேண்டிய வரியில் இளையபெருமாள் ஒரு சின்ன நிரலை நிறுத்தியிருந்தான். அது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியை 'பேக்கப்' என்ற பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உரியவருக்குக் கொடுத்தது. பாதுகாப்புக்காக இருக்கும் என்று நினைத்தாள். பெட்டிக்குள் பார்த்தால், கடிதங்கள் படித்ததாகக் குறி. கடைசியாக யாரோ படித்தது அன்று காலை எட்டு நாற்பதுக்கு. அந்நேரம் அவள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள்.

விட்டுவைத்தால் அவள்தான் திருடி. எடுத்தால், எடுத்தது யாரென்று படிக்கிறவருக்குத் தெரியும். சர்டிபிகேட்டும் அவர்கள் கையில். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு நிரலை எடுத்துவிட்டு, அஞ்சல் நேராக அவரவர் பெட்டிக்கே போகும்படி மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மெயிலைக் காணோம் என்று யார் வந்து கேட்கிறாரோ அவர்தான் படிக்கிறவர். வாட்ச்மேன் வணக்கம் சொன்னால்கூட அவளுக்குச் சந்தேகம்.

நான்காம் நாள் தாளாளரின் உதவியாளர் ஜெயசித்ரா வந்தாள்.

"என்ன பூவிழி, சர்வர்ல ஏதும் மாத்துனியா? மெயிலே வரல."

"உங்களுக்கு இன்னிக்கு மூணு வந்திருக்கே அக்கா. எந்தப் பெட்டியச் சொல்றீங்க?"

"சும்மா கேட்டேன்" என்று போய்விட்டாள்.

மறுவாரம் பூவிழியை நூலகத்துக்கு மாற்றினார்கள். தீபாவளிக்குள் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். சர்டிபிகேட் கேட்டதற்கு, "தேடிப் பாக்கணும்" என்றார்கள்.

நான் திரும்பி வந்தபோது அவள் அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிறருக்கு அரசுத் தேர்வு விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். அவளால் ஒன்றுக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

போன பங்குனியில் அவள் போனை என்னிடம் நீட்டினாள். ஜெயசித்ராவின் எண்ணிலிருந்து வந்திருந்தது:

"உன் சர்டிபிகேட் என் மேஜைல இருக்கு. திங்கக்கிழம தாளாளர் ஐயா ஊர்ல இல்ல. தனியா வா. அந்த நிரல எப்படித் திரும்பப் போடுறதுன்னு மட்டும் காட்டிட்டு வாங்கிட்டுப் போ."